மாதா பேர் கொண்ட ஊரில்

அப்பாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் திருவிழாவுக்கு என்னை வேளாங்கண்ணிக்கு அனுப்புவதாக அம்மா நேர்ந்திருந்தார். அலாஸ்காவில் வேலை பார்க்கும் எனக்கு லீவு கிடைக்கவில்லை. "மாதா அங்கேயும்தானே இருக்கா? அவ பேர்ல ஒரு இடம் பார்த்து மெழுகுவத்தி ஏத்து" என்றார். அப்படித்தான் செயின்ட் மேரிஸ் போனேன்.

அலாஸ்காவின் பூர்வகுடிகளான யூப்பிக் மக்களின் ஊர். பக்கத்து ஊர்களைத் தவிர வேறெங்கிருந்தும் ரோடு கிடையாது. ரூம் வேணுமா என்று துரத்தும் புரோக்கர் தொல்லை இல்லை என்று சந்தோஷப்பட்டால், மூடுபனி என்று சொல்லி விமானத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த டிக்கெட் விலைக்குச் சென்னைக்குப் பாதி தூரம் போயிருக்கலாம். ஏர்போர்ட் பெஞ்சிலேயே ஜெபமாலை ஓடியது.

இந்தக் கோயில் பங்கின் வேர் இங்கில்லை, யூகான் ஆற்றின் கழிமுகத்தில் அகுலுராக்கில் இருக்கிறது. 1900இல் வந்த கொள்ளைநோய் அந்தப் பக்கத்துக் குடும்பங்களை வாரிக்கொண்டு போனது. தாய் தகப்பன் இல்லாமல் நின்ற பிள்ளைகளுக்குச் சேசு சபைச் சாமியார்கள் விடுதியும் பள்ளியும் நடத்தினார்கள். 1905இல் உர்சுலின் சபைக் கன்னியரும் வந்து சேர்ந்தார்கள். ஆற்றுக்கிளை மண்மூடிப் போகவே, 1948இல் மேட்டுக்குக் குடிபெயர முடிவெடுத்தார்கள். தங்கவேட்டைக் காலத்தில் கட்டிக் கைவிட்ட ஒரு ஹோட்டலைப் பிரித்து, அந்த மரத்தில்தான் ஆண்ட்ரியாஃப்ஸ்கி ஆற்றோரம் புது மிஷன் எழுந்தது. தங்கத்துக்கு வந்தவர்கள் போட்ட பலகை மாதாவுக்கு! பள்ளி 1987இல் மூடிவிட்டது, பங்கு நிற்கிறது.

பூசைக்கு முன் கஸ்பக் என்ற தொப்பி வைத்த மேலங்கி அணிந்த பாட்டி ஒருவர் சின்னச் சட்டியில் அயுக் என்ற வாசனைச் செடியின் இலையைக் கொளுத்தினார். கசப்பும் வாசமும் கலந்த புகை. அதைக் கையால் அள்ளித் தன் முகத்தில் தடவிக்கொண்டார், அப்புறம் என் பக்கம் தள்ளினார். எனக்குப் பேச்சு வரவில்லை. "மாதாவே, அப்பா நடக்கிறார்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த மக்களின் ஆட்டத்தையும் முகமூடியையும் முதலில் வந்த மிஷனரிகளே தடுத்தார்கள். பின்னாளில் ரெனே அஸ்ட்ரக் என்ற சேசு சபைக் குரு அந்த ஆட்டத்துக்குத் துணை நின்றார். குருக்களால் சீரழிக்கப்பட்ட பிள்ளைகள் போட்ட வழக்குகளால், இந்தப் பங்கு அடங்கிய ஃபேர்பேங்க்ஸ் மறைமாவட்டம் 2008இல் திவால் மனு கொடுத்ததும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் முழந்தாளிட்டேன். அந்தப் பிள்ளைகளுக்காகத் தனியாக ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன்.

கிளம்பும்போது பாட்டி காய்ந்த சால்மன் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். பை எடை கூடிப்போச்சு என்று விமானத்தடியில் முறைத்தார்கள். சரி என்று ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டேன், மீனை விடவில்லை.