பிரசவம் பி.எச்.சி.யில், ரத்தம் 22 கிலோமீட்டர் தள்ளி

பாப்பா பிறந்து இன்றோடு 40 நாள். இருவரும் நன்றாக இருக்கிறோம். இந்த 40 நாளில் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "பேசாமல் முதலிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. எங்கள் ஊர் பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையத்தில்) பிரசவமாகி, ரத்தம் நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனதை எழுதிவிடுகிறேன்.

மூத்தவன் பிறந்தது சென்னையில், தனியார் மருத்துவமனையில். சுகப்பிரசவம்தான். ஆனால் வலி வருவதற்கு முன்பே மருந்து ஏற்றி, 11 மணி நேரம் தனியாகப் படுக்க வைத்தார்கள். அம்மாவை உள்ளே விடவில்லை. ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் "எதுக்கும் சிசேரியனுக்குத் தயாரா இருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் 100 பிரசவத்துக்கு கிட்டத்தட்ட 64 சிசேரியன், அரசு மருத்துவமனைகளில் 36. அந்தப் பயம் எனக்கு மட்டும் வந்த பயம் இல்லை என்று இதைப் படித்தபோதுதான் புரிந்தது.

அதனால் இரண்டாவதுக்குத் தாய் வீட்டுக்கு வந்ததும் எங்கள் ஊர் பி.எச்.சி.யையே யோசித்தேன். வீட்டிலிருந்து 2 கிலோமீட்டர். அம்மா கூடவே இருக்கலாம். ஸ்டாஃப் நர்ஸ் அக்கா நூற்றுக்கணக்கில் பிரசவம் பார்த்தவர். முதல் பிரசவம் சுகப்பிரசவம், பிரஷர் இல்லை, சுகர் இல்லை, குழந்தை தலை கீழாகத் திரும்பியிருந்தது. ஒன்றே ஒன்று: ஹீமோகுளோபின் ஏழாம் மாதத்தில் 9.4. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. இரும்பு மாத்திரை விழுங்கி 10.2 வரைக்கும்தான் ஏறியது. எல்லோரும் "பரவாயில்லை" என்றார்கள். நானும் அதோடு விட்டுவிட்டேன். இப்போது என்னை உறுத்துவது அதுதான். உடம்பில் ரத்தம் குறைவாக இருப்பவருக்குக் கொஞ்சம் போனாலும் தாங்காது என்பதை யாராவது அன்றைக்கு உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். நானும் கேட்டிருக்க வேண்டும்.

பிக்மி எண், அதாவது கர்ப்பத்தை அரசிடம் பதியும்போது தரும் எண், சென்னையில் போட்டது. அதை ஊர் நர்ஸம்மாவிடம் மாற்றிப் பதிய இரண்டு செவ்வாய்க்கிழமை அலைந்தேன், அப்புறம் சரியானது.

வலி வந்தது ஒரு வியாழக்கிழமை இரவு. பிரசவம் நன்றாகவே நடந்தது. அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து முதுகைத் தேய்த்துவிட்டார். 1.50-க்குப் பாப்பா பிறந்தாள். நெஞ்சின்மேல் போட்டார்கள். என் தொடையில் ஊசி போட்டார்கள். கால் மணி நேரத்தில் நஞ்சும் (நஞ்சுக்கொடி) வந்துவிட்டது. அக்கா அதைத் தட்டில் விரித்து, விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது.

அப்புறம் என் அடிவயிற்றில் கை வைத்து அழுத்திப் பிசைய ஆரம்பித்தார். பிரசவ வலியைவிட அது கொடுமையாக இருந்தது. "கர்ப்பப்பை பந்து மாதிரி இறுகணும்மா. இன்னும் மாவு மாதிரி கிடக்கு" என்றார். எனக்குக் கீழே சூடாக ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது. விரித்த துணியை இரண்டு முறை மாற்றினார். ட்ரிப் ஏற்றினார். ஒரு கையால் வயிற்றைப் பிசைந்துகொண்டே இன்னொரு கையில் போனை எடுத்து 108-ஐக் கூப்பிட்டார். பெரிய மருத்துவமனையின் பிரசவ வார்டுக்கும் அவரே பேசினார். காதில் விழுந்தது இவ்வளவுதான்: "நஞ்சுத் துண்டு உள்ளே நிக்குது, ரத்தம் நிக்கலை, அனுப்புறேன்."

108 வர 18 நிமிடம். கணுக்காலில் தொடங்கி வயிறு வரை ஒரு தடித்த உடுப்பைச் சுற்றினார்கள். பட்டை பட்டையாக இழுத்து ஒட்டும் உடுப்பு. கால்களை இறுக்கிப் பிடித்து, இருக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் தள்ளுமாம். ஒவ்வொரு பட்டையையும் ஒட்டும்போது வந்த கரகர சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அது போட்டதும் கண் இருட்டுவது கொஞ்சம் குறைந்தது. அக்கா வண்டியில் கூடவே ஏறினார். பாப்பாவை அம்மா வைத்துக்கொண்டார்.

22 கிலோமீட்டர், 35 நிமிடம்.

அங்கே என்னை நேராக உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இதற்குப் பிறகு வெளியே நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. ரத்தம் வாங்க எழுதிய சீட்டில் உள்நோயாளி எண் வேண்டும். அந்த எண்ணுக்கு என் கணவர் சேர்க்கை கவுன்டருக்குப் போனார். அங்கே இருந்தவர், "கர்ப்பிணிப் புத்தகம் எங்கே? பிக்மி நம்பர் இல்லாம என்ட்ரி போட முடியாது" என்றார். புத்தகம் பி.எச்.சி. மேஜையில். பிறந்த நேரத்தை எழுத அக்கா வாங்கி வைத்தது, அவசரத்தில் அப்படியே நின்றுவிட்டது. "மனைவிக்கு ரத்தம் போய்க்கிட்டு இருக்கு சார்" என்று இவர் மூன்று முறை சொல்லியிருக்கிறார். "போய் எடுத்துட்டு வாங்க" என்பதே பதில். இவரும் பதற்றத்தில் யார் பைக்கையோ வாங்கிக் கிளம்பிவிட்டார்! ஆறேழு கிலோமீட்டர் போன பிறகு என் கூடப்பிறந்த அக்காவுக்குப் போன் செய்தபோது, அவள்தான் சொன்னாள்: ஸ்கேனில் ஒரு சந்தேகம் என்று புத்தகத்தின் முதல் பக்கத்தையும் சேர்த்து அவளுக்கு வாட்ஸப்பில் நான் அனுப்பியிருந்தேன். அந்தப் படத்தில் 12 இலக்க எண்ணும் இருந்தது, ரத்த வகையும் இருந்தது. திரும்பி வந்து படத்தைக் காட்டி எண் வாங்கினார். இதில் போனது 25 நிமிடம். அதற்குள் பணி மருத்துவர் தானே ரத்த வங்கிக்குப் பேசி, முதல் யூனிட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். அவர் அதைச் செய்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. மயக்கம் கொடுத்து நஞ்சுத் துண்டை எடுத்தார்கள். இரண்டு யூனிட் ரத்தம் ஏறியது. நான்காம் நாள் வீடு.

பிறப்புச் சான்றிதழுக்கும் ஓர் அலைச்சல். டிஸ்சார்ஜ் சீட்டை வைத்துக்கொண்டு பெரிய மருத்துவமனையில் பாதி நாள் நின்றோம். குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவு. தாய் எங்கிருந்து டிஸ்சார்ஜ் ஆனார் என்பது கணக்கில்லை. பி.எச்.சி.யில் கேட்டதும் பத்தே நிமிடத்தில் விவரம் சொன்னார்கள். 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமும் இல்லை.

சரி, பி.எச்.சி.யா, பெரிய ஆஸ்பத்திரியா? பி.எச்.சி.க்குப் போனது தவறு என்று நான் நினைக்கவில்லை. நஞ்சைத் திருப்பிப் பார்த்துத் துண்டு குறைகிறது என்று கண்டுபிடித்த கை அங்கேதான் இருந்தது. ஆனால் அந்த ரத்தசோகையைத் தவிர, எனக்கு ஆபத்து வரும் என்பதற்கு முன்கூட்டி எந்த அடையாளமும் இல்லை. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு பெரும்பாலும் இப்படித்தான், எந்தச் சிக்கலும் இல்லாத பெண்களுக்கே வரும். அதனால் "லோ ரிஸ்க்" என்ற சொல்லை மட்டும் நம்பி இடத்தை முடிவு செய்யாதீர்கள். ரத்தம் ஏற்றும் இடத்துக்கு ராத்திரி இரண்டு மணிக்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். கூகுள் மேப் காட்டும் நேரத்தோடு வண்டி வந்து சேரும் நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். எனக்கு ரத்தப்போக்கு தொடங்கி தியேட்டர் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரவில் பணியில் யார், நம்மோடு வண்டியில் யார் வருவார் என்றும் கேளுங்கள். அக்கா என்னோடு ஏறியதால் அந்த இரவு பி.எச்.சி.யில் வேறு நர்ஸ் இல்லை. இன்னொரு பெண் வலியோடு வந்திருந்தால்?

புத்தகத்தின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து, கணவர், அம்மா, இன்னும் ஒருவர் என மூன்று போனில் வைத்திருங்கள். ரத்த வகை பொருந்தும் இரண்டு பேரிடம் முன்பே சொல்லி வையுங்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் "பரவாயில்லை"யை ஏற்காதீர்கள், மாத்திரைக்கு ஏறவில்லை என்றால் ட்ரிப்பில் இரும்பு ஏற்றுவார்களா என்று நீங்களே கேளுங்கள்.

என் நாத்தனாருக்கு இப்போது ஆறாம் மாதம், முதல் பிரசவம், ஹீமோகுளோபின் 8.6. அவளும் அதே பி.எச்.சி.தான் என்கிறாள். செக்கப் அங்கேயே போகட்டும், பிரசவம் மட்டும் ரத்த வங்கி இருக்கிற இடத்தில் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் சம்மதிக்கவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை பாப்பாவையும் தூக்கிக்கொண்டு அவளோடு செக்கப்புக்குப் போகிறேன். நர்ஸ் அக்காவே அவளிடம் பேசட்டும்.