'கேண்டிடேட்' என்ற சொல்லிலிருந்து தொடங்குங்கள்

எந்தப் போட்டித் தேர்வின் ஹால் டிக்கெட்டிலும் 'கேண்டிடேட்' என்ற சொல் இருக்கும். எஸ்எஸ்சி (மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம்), வங்கித் தேர்வுகளுக்கு ஆங்கிலச் சொற்களை எப்படிப் படிப்பது என்று கேட்பவர்களிடம் நான் இந்தச் சொல்லிலிருந்தே தொடங்கச் சொல்வேன். பட்டியலாக மனப்பாடம் செய்தவை பதற்றத்தில் காணாமல் போய்விடும். வேர் தெரிந்த சொல் அப்படிப் போகாது.

பழைய ரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள், சுண்ணக்கட்டி தேய்த்து வெளுத்த டோகா என்ற மேலாடையைச் சுற்றிக்கொண்டு மக்கள் முன் வந்தார்கள். லத்தீனில் 'கான்டிடுஸ்' என்றால் பளிச்சென்ற வெள்ளை. வெள்ளை உடுத்தியவர் 'கான்டிடாட்டுஸ்'. அதுதான் ஆங்கிலத்தில் கேண்டிடேட் ஆனது. நம் ஊரில் ஓட்டுக் கேட்டு வருபவர்களின் வெள்ளை வேட்டி சட்டையை நினைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. இன்று தேர்தலில் நிற்பவர், வேலைக்கு விண்ணப்பிப்பவர், தேர்வு எழுதுபவர் எல்லோருமே கேண்டிடேட்தான். எந்தப் பதவிக்கு என்று சொல்ல, பின்னால் 'ஃபார்' வரும்: 'கேண்டிடேட் ஃபார் தி போஸ்ட்'. பிழை கண்டறியும் கேள்விகளில் இதைக் கவனிக்க வேண்டும்.

இதே வேரிலிருந்து வந்ததுதான் 'கேண்டிட்'. ஒளிவுமறைவில்லாத என்று பொருள். வெள்ளை மனசு என்று நாமும் சொல்கிறோமே! இணைச்சொல் கேட்டால் 'ஃபிராங்க்', பெயர்ச்சொல் 'கேண்டர்'. கல்யாண வீடுகளில் போஸ் கொடுக்காமல் எடுக்கும் கேண்டிட் போட்டோவும் இதுதான். மெழுகுவத்தியான 'கேண்டில்', இழை சூடேறி ஒளிரும் குண்டு பல்பைக் குறிக்கும் 'இன்கேண்டசன்ட்', இரண்டும் இந்தக் குடும்பம். ஒளிச்செறிவின் அலகு கேண்டெலா என்று அறிவியலில் படிப்போம், அதுவும் இங்கேதான் சேரும். ஆங்கிலத்துக்குப் படித்தது பொது அறிவியலுக்கும் உதவுவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ரோமிலிருந்து கிளம்பும் முன் இன்னொரு சொல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வெள்ளை ஆடைக்காரர்கள் ஆதரவு கேட்டுச் சுற்றி வந்ததை லத்தீனில் 'அம்பிட்டியோ' என்றார்கள். அதிலிருந்து வந்தது 'அம்பிஷன்'. பதவிக்காகச் சுற்றி அலைந்தது, நாளடைவில் மனதில் இருக்கும் பேராவலாக மாறிவிட்டது.

ஆனால் ஒலியை மட்டும் நம்பக்கூடாது. மிட்டாயான 'கேண்டி' இந்தக் குடும்பமே அல்ல. அது பாரசீக, அரபு வழியாக ஐரோப்பா போன சர்க்கரைச் சொல். நம் கற்கண்டில் இருக்கும் 'கண்டு'க்குத்தான் உறவு.

சரி, நோட்டில் எப்படி எழுதுவது? பக்கத்தின் நடுவே வேரை எழுதி, சுற்றிலும் இடம் விடுங்கள். நாளிதழிலோ பழைய வினாத்தாளிலோ அந்தக் குடும்பத்துச் சொல் கண்ணில் பட்டால், அது வந்த வாக்கியத்தோடு சேர்த்து எழுதுங்கள். தனிச்சொல்லாக எழுதினால் பயன்பாடு பிடிபடாது.

தேர்வறையில் தெரியாத சொல் வந்தால் வேரை வைத்து ஊகிக்கலாம். அந்த ஊகம் வாக்கியத்தோடு பொருந்தினால் மட்டும் விடையைக் குறியுங்கள். பட்டதாரிகளுக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் ஒரு தவறான விடைக்கு 0.50 மதிப்பெண் போய்விடும்.