ட்விலிங்கேட்டில் சீல் வேட்டை பழகியது

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் சீல் என்னும் கடல்நாயை வேட்டையாடப் பழக நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தெரிந்தவர் படகில் ஏறிப் போய், இரண்டு தடவை வேடிக்கை பார்த்துவிட்டு அப்புறம் கையில் எடுக்கலாம் என்ற வழி இங்கே கிடையாது. வேட்டை நடக்கும் இடத்துக்குக் குறிப்பிட்ட தூரத்துக்குள் நெருங்குவதற்கே ஒன்று வேட்டை உரிமம் வேண்டும், இல்லை பார்வையாளர் அனுமதி வேண்டும். ஆகவே காகித வேலை முழுவதும் முடிந்த பிறகுதான் புது ஆளுக்கு முதல் பாடமே தொடங்கும்.

நான் இந்தத் தீவில் உள்ள ட்விலிங்கேட் என்ற ஊரில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி. இந்த ஊரில் கடையைவிட வீட்டு ஃப்ரீசரைத்தான் ஜனங்கள் நம்புகிறார்கள். இலையுதிர் காலத்தில் மூஸ் என்ற பெரிய மானின் கறி, குளிரில் டர் என்று சொல்லும் கடற்பறவை, வசந்தத்தில் சீல். பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்களுக்கும் ஒரு பங்கு கொண்டுவந்து கொடுப்பார். நான் தமிழ் என்று தெரிந்ததும் அவர் முதலில் பேசியது 1986 ஆகஸ்டில் இந்தத் தீவின் தென்கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்து வந்த 155 ஈழத் தமிழர்களைப் பற்றித்தான். அவர்களைக் கண்டு காப்பாற்றிய கஸ் டால்டன் என்ற மீனவரின் பெயர் இங்கே வயதானவர்கள் பலருக்கும் நினைவிருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், இன்னொருவர் கொன்று அறுத்துக் கொடுத்ததை வருஷா வருஷம் வாங்கி மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சாப்பிடுகிறேன் என்றால் அந்த வேலையையும் நானே செய்யத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

உரிமத்தில் இரண்டு வகை. தோலும் எண்ணெயும் விற்பதற்கான வணிக உரிமம் தொழில்முறை ஆட்களுக்கு. அது வேறு உலகம். என்னைப் போன்றவர்களுக்கு உள்ளது சொந்த உபயோக உரிமம். வேட்டை நடக்கும் கரையோரத்தில் குடியிருப்பவர்கள், வீட்டுச் சாப்பாட்டுக்காக, ஒரு பருவத்தில் 6 சீல் வரை எடுக்கலாம். ஒரு துண்டுகூட விற்கக் கூடாது. இரண்டு உரிமங்களையும் தருவது மத்திய அரசின் மீன்வளத் துறை; விதிகள் இருப்பது 1993ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் ஒழுங்குமுறையில். இதே மாகாணத்தைச் சேர்ந்த லாப்ரடாரின் வடபகுதியில், பழங்குடிகளான இனுயிட் மக்கள் தங்கள் உணவுக்காக வேட்டையாட இந்த உரிமம் தேவையில்லை.

துப்பாக்கியைக் கையில் தொட்டே பார்க்காதவன் நான். இந்த மாகாணத்தில் துப்பாக்கிப் பாதுகாப்பும் வேட்டைக் கல்வியும் சேர்ந்தே ஒரு வகுப்பாக வருகின்றன. எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டிலும் 80 சதவீதம் வாங்க வேண்டும். செய்முறையில் சுடச் சொல்வதில்லை. ஒரு துப்பாக்கியை எடு, குழல்வாய் யார் பக்கமும் திரும்பாமல் வை, தோட்டா இருக்கிறதா என்று பார், வேலி தாண்டுவதாக வைத்துக்கொண்டு தாண்டிக் காட்டு, இவ்வளவுதான். விரல் ஒரு கணம் விசைமேல் போனாலும் மதிப்பெண் போய்விடும். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. பிறகு துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பம். பின்னணிச் சோதனை, நம்மைத் தெரிந்தவர்களின் சாட்சிக் கையெழுத்து, முதல் தடவை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு. நடைமுறையில் அதைவிட நீளும். மார்ச் மாதம் பனி கரைக்கு வரும்போது துப்பாக்கி கையில் இருக்க வேண்டுமென்றால், வகுப்பில் முந்தின கோடையிலேயே சேர்ந்துவிடுங்கள்.

எந்தத் துப்பாக்கி என்பதையும் விதியே சொல்லிவிடுகிறது. தோட்டா குழல்வாயிலிருந்து நொடிக்கு 1,800 அடி வேகத்துக்குக் குறையாமலும், 1,100 அடி-பவுண்டு ஆற்றலுக்குக் குறையாமலும் வெளிவர வேண்டும். முயலுக்குப் பயன்படும் சின்ன .22 ரகத் துப்பாக்கி இங்கே சட்டவிரோதம். ஊரில் பெரும்பாலும் .222 அல்லது .223 வைத்திருக்கிறார்கள். நான், ஒவ்வொரு தடவையும் கையால் அடுத்த தோட்டாவை ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் .223 வாங்கினேன். ஹகாபிக் என்ற கொக்கிக் கோடாரியைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட சீலை முதலில் தாக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. சுட்ட பிறகுதான் எடுக்கலாம். இன்று படகிலிருந்து போகிறவர்கள் நம்புவது ரைஃபிளைத்தான்.

இதற்கெல்லாம் பிறகு வரும் மூன்று படிப் பயிற்சிதான் உண்மையான பாடம். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க முடியாது. 2005இல் தனித்து இயங்கிய கால்நடை மருத்துவர் குழு ஒன்று, வேட்டையில் விலங்கின் துன்பத்தைக் குறைக்க இந்த முறையைப் பரிந்துரைத்தது. 2009இல் அது விதிக்குள் வந்தது. முதல் படி, தலையில் சுடுவது. இரண்டாவது, மண்டை ஓடு நொறுங்கிவிட்டதா என்று கையால் அழுத்திப் பார்ப்பது. மூன்றாவது, முன்துடுப்புகளுக்கு அடியில் இருக்கும் இரண்டு அக்குள் தமனிகளையும் அறுத்து ரத்தம் வடியவிடுவது. அறுத்து ஒரு நிமிடமாவது ஆன பிறகுதான் தோலில் கத்தி வைக்கலாம்.

இரண்டாவது படிக்குத்தான் எங்களுக்குப் பாடம் எடுத்தவர் அதிக நேரம் செலவழித்தார். செத்த சீல்கூட நீந்துவதுபோல் உடம்பை வளைத்து அசைக்கும். மூளை அழிந்த பிறகும் தண்டுவடம் செய்யும் வேலை அது. பார்க்கிறவருக்கு உயிரோடு துடிப்பதாகத் தெரியும். மாறாக, அசையாமல் கிடப்பது மயங்கி மட்டும் இருக்கலாம். ஆகவே கண்ணை நம்பக் கூடாது, கையைத்தான் நம்ப வேண்டும். முன்பெல்லாம் கண்விழியைத் தொட்டு இமை அசைகிறதா என்று பார்க்கும் சோதனையும் இருந்தது. குளிரில் விறைத்த விரலோடு ஆடும் பனிமேல் செய்ய, மண்டையை அழுத்துவதே நம்பகமானது. அவர் ஒரு சீல் மண்டை ஓட்டைச் சுற்றி அனுப்பினார். நான் நினைத்ததைவிட மெல்லியது. இரண்டு பக்கமும் அழுத்த வேண்டும், ஒரு பக்கம் மட்டும் போதாது என்பதை எல்லோரையும் வாய்விட்டுச் சொல்ல வைத்தார்.

எதைச் சுடக் கூடாது என்பதும் பாடத்தில் உண்டு. வெள்ளை ரோமக் குட்டிகளை வேட்டையாடுவது 1987இலிருந்து தடை. இங்கே வேட்டையாடப்படும் ஹார்ப் சீல் என்ற இனத்தின் குட்டி பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் நடுவுக்குள் பனிமேல் பிறக்கும். தாய் சுமார் 12 நாள் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். வெள்ளை ரோமம் கொத்துக் கொத்தாக உதிர்ந்து, உள்ளிருந்து சாம்பல் நிறத்தில் புள்ளி போட்ட ரோமம் முழுவதும் வந்த பிறகுதான் அதற்குப் பீட்டர் (beater) என்று பெயர். வேட்டைக்கு வருவது பெரும்பாலும் இதுதான். உலகம் முழுக்க வேட்டை எதிர்ப்புச் சுவரொட்டிகளில் பார்க்கிற வெள்ளைக் குட்டியை இங்கே யாரும் தொடுவதில்லை. அதைத் தொடுகிற ஆளோடு ஊரிலேயே யாரும் பேச மாட்டார்கள்.

உரிமம் வந்த ஏப்ரலில் பெரியவரோடு அவர் படகில் போனேன். மிதவை உடுப்பு இல்லாமல் அவர் யாரையும் ஏற்ற மாட்டார். காற்று வடகிழக்கிலிருந்து அடித்தால் பனிப்பாளங்கள் விரிகுடாவுக்குள் நெருக்கிக்கொண்டு வந்து படகை மாட்டவைத்துவிடும். அன்றைக்கு வீட்டைவிட்டே கிளம்பக் கூடாது. 1914 வசந்தத்தில் நியூஃபவுண்ட்லாந்து என்ற கப்பலின் ஆட்கள் புயலில் பனிமேல் மாட்டிக்கொண்டு 78 பேர் செத்ததை, எலிஸ்டனில் அவர்களுக்காக எழுப்பிய நினைவிடத்தை, காற்றின் திசை பார்க்கும்போதெல்லாம் அவர் சொல்லுவார்.

ஒருவர் படகோட்ட வேண்டும், ஒருவர் சுட வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்வதில்லை. சுடுபவர் தன் மூச்சோடு படகின் ஆட்டத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். பெரியவரின் கட்டளை ஒன்றுதான்: 40 மீட்டருக்குள் வந்தால், தலை தெளிவாகத் தெரிந்தால், சீல் பனிமேல் இருந்தால் சுடு; மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் விட்டுவிடு. தண்ணீரில் இருப்பதைச் சுட்டால் பல நேரம் மூழ்கிப் போய்விடும். பால் நிறுத்திய குட்டி ஆறு வாரம் வரைகூட எதுவும் உண்ணாமல் சேர்த்துவைத்த கொழுப்பிலேயே வாழும். இளைக்க இளைக்க உடம்பு மிதக்காது. சுட்டதை எடுக்க முடியாமல் போவதைப் போல அசிங்கமானது இந்த வேலையில் இல்லை என்பார். முதல் நாட்களில் நான் விட்டவைதான் அதிகம். ஒரு தடவைகூட அவர் அதற்காக அவசரப்படுத்தவில்லை.

என் முதல் சீல் தட்டையான பாளத்தில் பக்கவாட்டாகக் கிடந்த பீட்டர். சுட்டதும் தலை சாய்ந்தது. பின்துடுப்புகள் அசைந்தன, பயிற்சியில் சொன்ன அதே நீச்சல் அசைவு. துரட்டியால் பாளத்தைப் படகோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு நான் இறங்கினேன். கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் அழுத்தினேன். ஈரமான ரோமத்துக்கு அடியில் ஓட்டுச் சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்தன, எதிர்ப்பே இல்லை. கை சூட்டை உணர்ந்தது. கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு, மல்லாக்கத் திருப்பி இரண்டு அக்குளிலும் அறுத்தேன். ரத்தம் கருஞ்சிவப்பாகப் பனியில் பரவ, பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிடம் ஆனதும் தலையசைத்தார். வருத்தம் இருந்தது, மறைக்கவில்லை. அந்தக் கைக்குத் தெரிந்த நிச்சயம் இல்லாமல் இருந்திருந்தால் அந்த வருத்தம் தாங்கியிருக்காது.

அறுக்கும்போது கையுறை கட்டாயம் என்பது ஆய்வகக்காரனாக நான் சொல்வது. கையில் சின்னக் கீறல் வழியாக மைக்கோபிளாஸ்மா கிருமி நுழைந்தால் சீல் ஃபிங்கர் என்ற நோய் வரும். விரல் மூட்டு வீங்கி உயிர் போகிற வலி. பென்சிலின் கேட்காது, டெட்ராசைக்ளின் வகைதான் கேட்கும். ஆன்டிபயாடிக் வருவதற்கு முன் விரலையே வெட்டியிருக்கிறார்கள். மருத்துவரிடம் போனால் சீலைத் தொட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கறி கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும். நீண்ட நேரம் மூச்சடக்கி முங்கும் விலங்கு என்பதால் தசையில் ஆக்சிஜனைச் சேர்த்துவைக்கும் மயோகுளோபின் அவ்வளவு அதிகம். கொழுப்பு ஒரு பொட்டுகூட விடக் கூடாது. அதுதான் சிக்கு நாற்றத்துக்குக் காரணம். பெரியவர் வீட்டம்மா துடுப்புகளைச் சமையல் சோடா போட்ட குளிர்ந்த தண்ணீரில் ஊறவைப்பார். மிச்சக் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும், அதைச் சீவி எடுத்துவிட்டு வெங்காயம், பன்றிக் கொழுப்போடு அடுப்பில் வேகவைத்து மேலே மாவு மூடி ஃபிளிப்பர் பை செய்வார். நான் கறியை மிளகும் சோம்பும் தூக்கலாக வறுத்து அரைத்துச் சுண்ட வைத்தேன். மிளகு அதற்குப் பொருந்துகிறது, தேங்காய்ப்பால் பொருந்தவில்லை.

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு விஷயம். அமெரிக்காவின் 1972 கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி சீல் தோல் கையுறையோ எண்ணெயோ அங்கே கொண்டுபோக முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் சீல் பொருள்களின் வணிகத்தைத் தடை செய்தது, இனுயிட் போன்ற பழங்குடிகளின் வேட்டைக்கு விலக்கு உண்டு. அந்தத் தடையின் அடி இங்குள்ள கரையோர வீடுகளில் விழுந்ததை நான் பார்க்கிறேன். சீல் வேட்டையை எதிர்ப்பவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பண்ணையில் வளர்த்த கோழியைப் பாக்கெட்டில் வாங்குகிறவர் என்னிடம் கேட்டால், இந்த இரண்டாவது படியை முழுதாக விவரித்துச் சொல்கிறேன்.

பருவம் திறக்கும், மூடும் தேதிகளை மீன்வளத் துறை அந்தந்த ஆண்டு அறிவிக்கும். அறிவிப்பைப் பார்க்காமல் படகை இறக்காதீர்கள். எங்கள் பங்கில் பெரிய துடுப்புகள் நான்கும், இனிமேல் கடலுக்குப் போக முடியாத கீழ்த்தெரு முதியவர்களுக்குப் போகின்றன.