நோயாளியின் அருகில் தேவசித்தத்தைப் பேசும்போது

மருத்துவமனை வார்டிலும் துக்க வீட்டிலும் ஊழியம் செய்கிறவர்களின் வாயில் முதலில் வந்து நிற்பது "எல்லாம் தேவசித்தம்" என்பதுதான். அது பொய்யல்ல. ஆனால் யார் சொல்கிறார்கள், எப்போது சொல்கிறார்கள் என்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது.

யோசேப்பின் வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆதியாகமம் 37-இல் சகோதரர் அவனைக் குழியில் போட்டபோது அவனுக்கு 17. சகோதரர் நினைத்த தீமையை தேவன் நன்மையாக முடியப்பண்ணினார் என்று 50:20-இல் அவன் சொல்லும்போது ஏறக்குறைய 56. இடையில் 39 ஆண்டுகள். சொன்னதும் குழியில் கிடந்தவனே தவிர, குழிக்கரையில் நின்றவர்கள் அல்ல.

ஆகவே தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்னும் ரோமர் 8:28-ஐ முதல் சந்திப்பிலேயே எடுக்காதிருப்பது நல்லது. எடுத்தாலும் தனியே எடுக்கக் கூடாது. 26-ஆம் வசனத்தில் ஆவியானவர் பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார். 29-ஆம் வசனம் அந்த நன்மை எது என்று சொல்கிறது: குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது. இவ்விரண்டையும் விட்டுவிட்டால், "இதைவிட நல்ல வேலை கிடைக்கும்", "இன்னொரு குழந்தை பிறக்கும்" என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். வசனம் தராத வாக்குறுதி அது. நிறைவேறாதபோது பழி தேவன்மேல் விழும்.

முதல் சந்திப்புக்கு யோவான் 11:17-36 போதும். நிதானமாக வாசித்தால் மூன்று நிமிடம். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும்; ஆனாலும் அழுதார். முடிவைத் தம் கையில் வைத்திருந்தவரே அழுதார் என்றால், அழுகிறவர்களிடம் "விசுவாசி அழலாமா?" என்று கேட்க நமக்கு என்ன உரிமை? லாசருவின் சகோதரிகளான மார்த்தாளும் மரியாளும் சொன்ன குறை ஒன்றே: "நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்". இருவரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை.

ஜெபத்துக்கு மாற்கு 14:36-ஐவிட, அதாவது சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு செய்த ஜெபத்தைவிட, தெளிவான வழிகாட்டி இல்லை. அதில் நான்கு படிகள். முதலில் "அப்பா பிதாவே" என்ற உறவு. அடுத்து, எல்லாம் உம்மாலே கூடும் என்ற அறிக்கை. பிறகு பாத்திரத்தை, அதாவது வரப்போகும் பாடுகளை, எடுத்துப்போடும் என்ற நேரடியான விண்ணப்பம். கடைசியில்தான் உம்முடைய சித்தத்தின்படியே ஆகட்டும் என்ற ஒப்புக்கொடுத்தல். நடைமுறையில் ஒரு சாரார் மூன்றாம் படியிலேயே நின்று, சுகம் நிச்சயம் என்று அறிவித்துவிடுகிறார்கள்; நோயாளி இறந்தால் எங்கள் விசுவாசம் போதவில்லையோ என்ற குற்ற உணர்வு குடும்பத்தை அரிக்கிறது. வேறு சிலர் நேரே நான்காம் படிக்குத் தாவுகிறார்கள். கேட்கும் உரிமையே பிள்ளைகளுக்கு இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. இயேசு அதே வார்த்தைகளைத் திரும்பவும் ஜெபித்தார் (14:39). ஆகவே திரும்பத் திரும்பக் கேட்பது அவிசுவாசம் அல்ல. நோயாளியின் பெயரைச் சொல்லி, ஐந்தாறு வாக்கியங்களில் முடியுங்கள். வலியில் இருப்பவரால் அதற்குமேல் பின்தொடர முடியாது.

மற்றவரின் அலட்சியத்தால் நேர்ந்த மரணம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். "தேவசித்தம்தானே, வழக்கு எதற்கு?" என்று உறவினரே சொல்லக்கூடும். அப்போஸ்தலர் 2:23 சிலுவையைத் தேவன் நிர்ணயித்த ஆலோசனை என்கிறது. அதே வாக்கியத்தில் கொன்ற கைகளை அக்கிரமக்காரருடையவை என்றும் சொல்கிறது. தேவனுடைய ஆளுகை மனிதனின் குற்றத்தைத் துடைப்பதில்லை. நீதி கேட்பது விசுவாசக் குறைவும் அல்ல.

"நான் என்ன பாவம் செய்தேன்?" என்று கேட்பவரிடம் லூக்கா 13:4-ஐச் சொல்லுங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்ற எண்ணத்தை இயேசு மறுத்தார். "அப்படியானால் ஏன்?" என்றால், தெரியாது என்பதே உண்மையான பதில். தேவன் நம்மை நேசிக்கிறாரா என்பதை நடந்த சம்பவத்திலிருந்து கணிக்க முடியாது. ரோமர் 5:8 அதற்குச் சிலுவையைத்தான் காட்டுகிறது.

அடக்கத்துக்குப் பின் வரும் வாரங்களில், கூட்டம் கலைந்தபிறகு, மறுபடி போங்கள். ஜெபிக்கவே முடியவில்லை என்பவருக்குச் சங்கீதம் 88-ஐ வாசித்துக் கொடுங்கள். அது இருளில்தான் முடிகிறது. ஆறுதலாக இருக்கட்டுமே என்று கடைசியில் நாமாக எதையும் சேர்க்க வேண்டாம்.