கை உறுமுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காபி

நான் ஜாக்கெட் தைப்பவள். ஈரோட்டில் வீட்டு முன்னறையிலேயே மெஷின் போட்டு 18 வருஷமாகத் தைக்கிறேன். இப்போது எனக்கு நானே தைத்துக்கொள்ளும் ஜாக்கெட்டுக்கெல்லாம் இடது கை மட்டும் வலது கையைவிட அரை இஞ்ச் லூஸ். இடது மணிக்கட்டில், டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கும் ஃபிஸ்டுலாதான் காரணம். டயாலிசிஸுக்குப் போகப் போகிறவர்களும், வீட்டில் அப்படி ஒருவரை வைத்திருப்பவர்களும், "கையில ஒரு சின்ன ஆபரேஷன்" என்று டாக்டர் சொன்னதும் நானும் எங்க வீட்டுக்காரரும் முழித்த மாதிரி முழிக்க வேண்டாமே என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

கிட்னி எப்படிப் போனது என்ற கதையை விட்டுவிடுகிறேன். பல வருஷமாக பிரஷரைப் பார்க்காமல் விட்டது, கால் வீங்கினபோது "நின்னுட்டே வெட்டறதுனால" என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டது, கடைசியில் மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினபோது, கிட்னி கழிக்காமல் ரத்தத்தில் தேங்கும் கிரியாட்டினின் 9. அன்று ராத்திரியே கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ். அந்தக் குழாய் தற்காலிகம்தான். தண்ணீர் படக்கூடாது, தலைக்குக் குளிக்க முடியாது, கிருமி உள்ளே போனால் நேராக ரத்தத்துக்குள்தான். அதனால் கையில் ஃபிஸ்டுலா போட்டுவிடலாம் என்றார்கள்.

இங்கே ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். அட்மிட் ஆன முதல் வாரத்தில், ஒரு ஆஸ்பத்திரியில் என் இரண்டு முன்கையிலும் மாற்றி மாற்றி ஊசி குத்தி வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்றக் கையிலேயே விட்டுவைக்கும் பிளாஸ்டிக் ஊசி) போட்டார்கள். கிட்னி போய்விட்டது, இவளுக்கு அந்தக் கை நரம்பு பின்னால் தேவைப்படும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. (நரம்பு என்று நாம் சொல்வது உண்மையில் சிரை. ஆனால் ஊசி போடுகிற சிஸ்டர் உட்பட எல்லோரும் நரம்பு என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.) வலது முன்கையில் ஒரு நரம்பு கயிறு மாதிரி இறுகிப்போய்விட்டது. கிட்னி பிரச்சினை என்று தெரிந்த நாளிலிருந்தே எழுதாத கையின் முன்கையில் ஊசி போட விடாதீர்கள். ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள். முறைப்பார்கள், பரவாயில்லை.

நல்லவேளையாக என் இடது கை தப்பித்திருந்தது. முதலில் டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) எடுத்து, மணிக்கட்டில் நாடி பிடிக்கும் இடத்து ரத்தக் குழாயும் அதற்குப் பக்கத்தில் கட்டைவிரல் பக்கமாக ஏறும் நரம்பும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்தார்கள். இரண்டும் 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் நல்லது என்றார் சர்ஜன். என்னுடையது இரண்டரை. நான் அளவெடுக்காத ஒரு தையலா என்று நினைத்துக்கொண்டேன்.

அது நிஜமாகவே தையல்தான். கை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் முழு நேரமும் விழித்துத்தான் இருந்தேன், ஒரு திரையைப் போட்டு மறைத்திருந்தார்கள். தமனியில் இதயம் தள்ளுகிற வேகத்தில் ரத்தம் ஓடும், சிரையில் சோம்பலாகத் திரும்பி வரும். சிரையை ஒரு முனையில் வெட்டி, அந்த முனையைத் தமனியின் பக்கவாட்டில் ஒரு திறப்பு செய்து அதில் வைத்துத் தைத்துவிடுகிறார்கள். ஜாக்கெட் உடம்பில் கை ஏற்றுவது போலத்தான். நூல் நீல நிறம், தலைமுடி அளவுக்கு மெல்லியது. "சார், ஓட்டுத் தையலா, கட்டுத் தையலா?" என்று திரைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். "ஓட்டுத் தையல்தாம்மா, நீங்க டெய்லரா?" என்று சிரித்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

வீட்டுக்காரர் இதைப் பற்றிப் படித்துவிட்டு வந்து சொன்னார். 1960ல் அமெரிக்காவில் சியாட்டிலில் ஸ்கிரிப்னர் என்ற டாக்டர், தமனியையும் சிரையையும் கைக்கு வெளியே ஒரு டெஃப்லான் குழாயால் இணைத்து வைத்ததால்தான் ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய முடிந்ததாம். அது அடைக்கும், கிருமி பிடிக்கும். பிறகு நியூயார்க்கில் பிரஷியா, சிமினோ என்ற இரண்டு டாக்டர்களும் அப்பெல் என்ற சர்ஜனும் குழாயே வேண்டாம், உள்ளேயே தைத்துவிடலாம் என்று செய்து 1966ல் எழுதினார்கள். இன்றைக்கும் அடிப்படை அதே யோசனைதான்.

கட்டுப் போடும் முன் சர்ஜன் என் வலது கை விரல்களை எடுத்து தையலுக்கு மேலே வைத்தார். உள்ளே பூனை உறுமுவது போல ஒரு அதிர்வு. "இதுதான் த்ரில். தினமும் தொட்டுப் பாருங்க. இது நின்னா அன்னிக்கே வரணும், நாளைக்குன்னு இருக்கக்கூடாது." காதை வைத்தால் ஹுஸ் ஹுஸ் என்று சத்தமும் கேட்கும். முதல் இரண்டு நாள் அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. எதிர்வீட்டுப் பையன் காதை வைத்துக் கேட்டுவிட்டு "அத்தை கைக்குள்ள மோட்டார் ஓடுது" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டான்.

அப்புறம் காத்திருப்பு. குறைந்தது ஆறு வாரம். "ஃபிஸ்டுலா மெச்சூர் ஆகணும்" என்று டயாலிசிஸ் சென்டரில் மெஷின் பார்க்கும் தம்பி சொன்னதும் பக்கத்துப் படுக்கைக்காரம்மா, "அப்ப சீர் செஞ்சு தண்ணி ஊத்தணுமா?" என்று கேட்க, நான்கு மணி நேரமும் சிரிப்புதான். தையல் காய்ந்ததும் ரப்பர் பந்தை அழுத்தச் சொன்னார்கள். ஆறு, ஆறு, ஆறு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆறு வாரத்தில் நரம்பு 6 மில்லிமீட்டர் அகலமாகி, தோலிலிருந்து 6 மில்லிமீட்டருக்குள் இருந்து, நிமிஷத்துக்கு 600 மில்லி ரத்தம் ஓட வேண்டும். சாதாரணமாக மணிக்கட்டுத் தமனியில் நிமிஷத்துக்கு இருபது, முப்பது மில்லிதான் ஓடுமாம். 600 என்றால் ஒரு நாளைக்கு 864 லிட்டர். ஐம்பது குடத்துக்கு மேல், ஒரு ஒல்லி நரம்பு வழியாக!

இரண்டரை மில்லிமீட்டர் நரம்பு எப்படித் தானாக ஆறாகும் என்று நெஃப்ராலஜி (கிட்னி) டாக்டரிடம் கேட்டேன். அன்றைக்கு அவருக்குக் கூட்டம் இல்லை போல, பேப்பரில் படம் போட்டே சொன்னார். ரத்தம் குழாயை இரண்டு விதமாகத் தொந்தரவு செய்கிறதாம். ஒன்று, சுவரை வெளியே தள்ளும் அழுத்தம். இன்னொன்று, ஓடும்போது சுவரை உரசிக்கொண்டு போகும் இழுவை, அதற்கு ஷியர் ஸ்ட்ரெஸ் என்று பெயர். குழாயின் உள்பக்கம் ஒரே ஒரு அடுக்கு செல் விரித்திருக்கிறது, லைனிங் துணி மாதிரி. அந்த செல்களுக்கு உரசல் தெரியும். உரசல் ஏறினால் நைட்ரிக் ஆக்ஸைடை வெளிவிடும், குழாய் தளரும், வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் குழாயே பெரிதாக வளர்ந்து உரசலைப் பழைய அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். அழுத்தத்துக்கு ஈடுகொடுக்கச் சுவர் தடிக்கும். அதாவது என் சிரை, பிழைப்புக்காகத் தமனி மாதிரி மாறிக்கொண்டிருந்தது.

ஏழாவது வாரம் முதல் ஊசி. கோணி ஊசி என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குத்து, ஒன்றில் ரத்தம் வெளியே, இன்னொன்றில் உள்ளே. முதல் பத்துத் தடவை வலித்தது, பிறகு பழகிவிட்டது. கழுத்துக் குழாயை எடுத்த அன்று தலைக்கு ஊற்றிக்கொண்டு அரை மணி நேரம் பாத்ரூமை விட்டு வெளியே வரவில்லை.

எட்டாவது மாதம் பிரச்சினை ஆரம்பித்தது. மெஷினில் பம்ப் நிமிஷத்துக்கு 300 மில்லியில் ஓடிக்கொண்டிருக்கும்போது அலாரம் அடிக்கும், தம்பி வந்து ஊசியை லேசாகத் திருப்புவார், பம்பை 250 ஆக்குவார், அப்புறம் 200. "ஊசி சுவர்ல முட்டுதுக்கா" என்றார். சரி என்று நானும் இருந்துவிட்டேன். மூன்று வாரம் இப்படியே போயிற்று. டயாலிசிஸ் முடிந்தும் உடம்பு கனமாகவே இருந்தது, பசியில்லை, ரத்தப் பரிசோதனையில் யூரியா குறையவே இல்லை. வீட்டில் தொட்டுப் பார்த்தால் உறுமல் இருந்தது, ஆனால் மணிக்கட்டுக்கு ஓர் அங்குலம் மேலே போனதும் நரம்பு தொய்ந்து பஞ்சு மாதிரி. இந்த மூன்று வாரத்தை நான் வீணாக்கியிருக்கக் கூடாது, அந்த சென்டரும் டாப்ளருக்கு அனுப்பியிருக்க வேண்டும். முழுசாக அடைத்திருந்தால் மறுபடி கழுத்துக் குழாய்தான்.

டாப்ளரில் ஓட்டம் நிமிஷத்துக்கு 380. 500க்குக் கீழே போனாலே கவலைப்பட வேண்டுமாம். தையலிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி நரம்பு ஒடுங்கியிருந்தது. கொழுப்பா என்றேன், நான் எண்ணெய்ப் பலகாரம் தொட்டே வருஷமாகிறதே. இல்லை, உள்சுவரில் சதை வளர்ந்திருக்கிறது என்றார் டாக்டர்.

ஏன் சரியாக அந்த இடத்தில் என்பதுதான் எனக்கு விளங்க வேண்டியிருந்தது. நரம்பு தமனியில் சேரும் இடம் ஒரு வளைவு. தமனியிலிருந்து பாய்ந்து வருகிற ரத்தம் ஒரு பக்கச் சுவரில் மோதுகிறது, வளைவின் உள்பக்கத்தில் சுழித்து முன்னும் பின்னுமாக அலைகிறது. ரத்தம் ஒரே திசையில் சீராக ஓடும் இடத்தில் உள்பக்கத்து செல்கள் ஓட்டத்தின் திசையிலேயே படிந்து ஒழுங்காக இருக்கும், அந்த இடம்தான் அகலமாகும். அலைபாயும் இடத்தில் செல்கள் திசை தெரியாமல் கலைந்துபோகும், சுவரின் நடு அடுக்கில் இருக்கும் தசை செல்கள் உள்ளே நகர்ந்து வந்து பெருகும். வெல்வெட் வெட்டியவர்களுக்கு இது உடனே புரியும், ஒரு பக்கமாகத் தடவினால் பளபளவென்று படியும், எதிர்ப்பக்கம் தடவினால் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். ஆபரேஷனில் நரம்பைப் பிரித்து இழுத்துத் திருப்பி வைத்த காயமும் சேர்ந்துகொள்கிறது. எந்த ஓட்டம் மேலே நரம்பை வளர்த்ததோ அதே ஓட்டம்தான் வளைவில் அதை அடைத்தது. எனக்கு இது ரொம்ப அநியாயமாகப் பட்டது.

கூட வந்த வீட்டுக்காரருக்கு சர்க்கரை உண்டு. அவரைப் பார்த்தும் டாக்டர் ஒன்று சொன்னார். கழுத்தில் மூளைக்குப் போகும் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், இதயக் குழாய்கள் கிளை பிரியும் இடங்களிலும் கொழுப்பு முதலில் படிவது இதே மாதிரி ஓட்டம் தடுமாறும் மூலைகளில்தானாம். சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் உடம்பு முழுக்கத்தான் ஓடுகின்றன, ஆனால் நேராக ஓடும் இடம் பெரும்பாலும் தப்பிக்கிறது. அன்றிலிருந்து இவர் மாத்திரையை மறப்பதில்லை.

பலூன் போட்டார்கள். நரம்பு வழியாகவே மெல்லிய கம்பி, அதன்மேல் சுருங்கிய பலூன், எல்லாம் திரையில் தெரியும். பலூனை ஊதும்போது ஒடுங்கிய இடத்தில் மட்டும் விரியாமல் உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கி நின்றது. அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள், கார் டயரில் இருப்பதைப்போல ஏழு மடங்கு. ஒரு கட்டத்தில் இடுப்பு மறைந்து பலூன் நேரானது. அந்த ஒன்றிரண்டு நிமிஷம் வலி உயிர் போகும், மரத்துப்போக ஊசி போட்டும்கூட. ஆனால் கட்டிலை விட்டு இறங்கும் முன்னே கை பழையபடி உறுமியது.

இப்போது காபிக்கு முன்னால் தொட்டுப் பார்க்கிறேன். பிறகு கையைத் தலைக்கு மேலே தூக்குகிறேன், நரம்பு தளர்ந்து உள்வாங்க வேண்டும். தூக்கியும் புடைத்தே நின்றால் மேலே எங்கோ தடை. உறுமல் போய் டொக் டொக் என்று இடித்தாலும், ஊசி எடுத்தபின் ரத்தம் வழக்கத்தைவிட ரொம்ப நேரம் நிற்காவிட்டாலும் அதே சந்தேகம்தான். என்னைப்போல ஆரம்பத்திலேயே ஒடுங்கினால் நரம்பு தொய்ந்துவிடும், மெஷின் ரத்தம் போதவில்லை என்று கத்தும். அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடமாட்டேன், வாட்ச், வளையல் கிடையாது, அதன்மேல் தலைவைத்துப் படுப்பதில்லை, கனமான கட்டுத் துணியை அந்தக் கையில் தொங்கவிடுவதில்லை. ஊசியை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் குத்தவும் விடுவதில்லை, ஏணிப்படி மாதிரி இடம் மாற்றச் சொல்வேன். ஒரே இடத்தில் குத்திக் குத்தி முட்டை முட்டையாக வீங்கிய கையைப் பக்கத்துப் படுக்கையில் பார்த்திருக்கிறேன். டயாலிசிஸில் பிரஷர் விழுந்தால் வீட்டுக்கு வந்ததும் முதலில் கையைத்தான் தொடுவேன், ஓட்டம் குறைந்த நேரத்தில்தான் உறைந்து அடைக்கும்.

ஆறு மாதம் கழித்து அதே இடம் மறுபடி ஒடுங்கி இன்னொரு பலூன் ஆயிற்று. இந்தத் தடவை அலாரம் அடித்த மூன்றாம் நாளே டாப்ளர் கேட்டு வாங்கினேன். இனியும் சீக்கிரம் ஒடுங்கினால், கெட்ட வளைவை விட்டுவிட்டு, நன்றாக வளர்ந்த நரம்பையே கொஞ்சம் மேலே தமனியில் ஏற்றித் தைத்துவிடலாம் என்கிறார் சர்ஜன். துணி இருக்கிறது, நானும் சரி என்றிருக்கிறேன். அடுத்த டாப்ளர் பொங்கல் கழித்து.