என்ஃபீல்டு 1853: பிரித்தல், துடைத்தல், பயனெட் பொருத்துதல்

நேபாள அரசின் பழைய ஆயுதக் கிடங்கிலிருந்து 2003-இல் விற்பனைக்கு வந்த வகைத் துப்பாக்கி இது; வாய் வழியே மருந்தும் குண்டும் கெட்டிக்கும் பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி. குழலை மரக்கட்டையோடு பிடிக்கும் மூன்று வளையம், 39 அங்குலக் குழல், மேலெல்லாம் இறுகிப்போன கிரீஸ்.

எதையும் கழற்றும் முன் குழலுக்குள் மருந்து இருக்கிறதா என்று பார்த்தேன். மரக்குச்சியை அடிவரை விட்டு, வாய் விளிம்பில் கோடு போட்டு, வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்துப் பிடித்தால் முனை நிப்பிள் (வெடிமூடி மாட்டும் சிறு முளை) இருக்கும் இடத்தை எட்ட வேண்டும். இரண்டு அங்குலம் குறைந்தாலே சந்தேகப்படுங்கள்; ஈரம் படாத கருமருந்து 150 வருடம் கழித்தும் வெடிக்கும்.

அடுத்தது பூட்டு, அதாவது பக்கவாட்டுத் தகட்டில் உள்ள சுடும் பொறி. குதிரையை (நிப்பிளில் அடிக்கும் சுத்தியலை) பாதி இழுப்பில் நிறுத்தவில்லை என்றால் அது நிப்பிளில் இடித்து நிற்கும், பூட்டு வராது. இடப்பக்கத்துத் திருகாணிகள் இரண்டையும் நாலைந்து சுற்று தளர்த்தி, தலைகளை மரச்சுத்தியலால் மாறி மாறித் தட்டினேன். சமமாக வெளியே வந்தது. நெம்பினால் வால்நட் மரத்தின் ஓரம் சிம்பாகப் பெயர்ந்துவிடும். பழைய துப்பாக்கிகளில் நான் அதிகம் பார்க்கும் சேதமே இதுதான்.

வளையத் திருகாணிகள் மூன்று நாள் துரு எண்ணெயில் ஊறிய பிறகே அசைந்தன. திருப்புளியின் வாய் காடியை முழுக்க நிரப்ப வேண்டும்; இல்லாவிட்டால் காடி சிதையும். கெட்டிக்கும் கோலை உருவி, வளையங்களை வாய்ப்பக்கமாகக் கழற்றி, குழலின் பின்முனையை மரத்தோடு பிடிக்கும் வால் திருகாணியையும் எடுத்ததும் குழல் தூக்க வந்தது. குழலின் பின்மூடியைத் தொடவில்லை. அதைத் திருகிக் கழற்றினால் மறுபடி அதே இடத்தில் உட்காராமல் போகலாம்.

கிரீஸுக்கு மண்ணெண்ணெய், துருவுக்கு எண்ணெய் தோய்த்த 0000 (மிக நுண்ணிய) எஃகுப் பஞ்சு, அவ்வளவே. உப்புத்தாள் பட்டால் பூட்டுத் தகட்டின் கிரீடமும் 'டவர்' முத்திரையும் மழுங்கும். பித்தளையைப் பளபளப்பாக்க வேண்டாம்.

பயனெட்தான் (குழல் முனையில் மாட்டும் குத்துக்கத்தி) படுத்தியது. 17 அங்குல அலகு சரி, அதன் குழாய் துப்பாக்கிக் குழலின் வாய்மேல் ஏறவில்லை. குழாயின் உள்ளே பார்த்தால் தனியாக ஒரு வளையம்: 1870-களில், பின்னால் வந்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் மெலிந்த குழலுக்காகச் சிறிதாக்கிய பயனெட் அது. அராவிப் பொருத்த நினைக்காதீர்கள், வேறு தேடுங்கள். மாற்றாத பயனெட்டின் வளைந்த காடி முன்குறிக் கட்டையை (குழல் முனையில் குறி பார்க்கும் முளையை) தாண்டிச் சென்று திரும்பும். பிறகு பயனெட்டின் பூட்டு வளையத்தைச் சுழற்றினால் அலகு குழலின் வலப்பக்கம் ஆடாமல் நிற்கும்.