சில்லு விலகினால்: அறுவையா, பயிற்சியா?

காவடி ஆட்டத்தில் பாதம் தரையில் ஊன்றியிருக்க, உடம்பு மட்டும் சுழலும். முழங்கால் சில்லு வெளிப்பக்கமாக நழுவுவதும் பெரும்பாலும் இந்த முறுக்கில்தான். காலை மெதுவாக நீட்டும்போது பல நேரம் அது தானாகவே இடத்துக்கு வந்துவிடும். ஆனால் சில்லை உட்பக்கம் இழுத்துப் பிடிக்கும் தசைநார் அதற்குள் கிழிந்திருக்கும்.

முதல் தடவை என்றால் அறுவைக்கு அவசரமில்லை. மொரிசியசில் அரசு மருத்துவமனையில் காசு வாங்குவதில்லை என்பதற்காகக் கத்தியைத் தேடிப் போகவேண்டாம். ஒரு விதிவிலக்கு உண்டு: முட்டி சில மணி நேரத்திலேயே இரத்தம் கட்டி வீங்கினால் எக்ஸ்ரேயோடு நிறுத்தாமல் எம்ஆர்ஐ கேளுங்கள். குருத்தெலும்பும் எலும்புமாகத் துண்டு உடைந்து உள்ளே கிடந்தால், முதல் தடவையே ஆனாலும் அறுவைதான்.

பயிற்சியில் பலர் கோட்டைவிடுவது தொடக்கத்தில். முட்டியில் கட்டிய பட்டையை வாரக்கணக்கில் கழற்றாமல் வைத்தால் தொடைத் தசை கரைந்துபோகும். முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கி 5 விநாடி பிடியுங்கள். 10 தடவை, மூன்று சுற்று. பிறகு காலை நீட்டியபடி தூக்குவது. தூக்கும்போது முட்டி மடங்கினால் தசை இன்னும் தயாரில்லை. இறுக்கும் பயிற்சிக்கே திரும்புங்கள். இடுப்பின் பக்கத் தசையை விட்டுவிடாதீர்கள். அது தளர்ந்தால் படி இறங்கும்போது முட்டி உள்ளே சாயும், சில்லு வெளியே போகும். கண்ணாடி முன் நின்று பழகுங்கள். வலி போனதும் பயிற்சியை நிறுத்துவதுதான் பெரிய தவறு. பந்தாட்டத்துக்குத் திரும்ப மூன்று, நான்கு மாதம் பிடிக்கும்.

இரண்டாம் தடவை விலகினால் கதை வேறு. சில்லு உட்காரும் பள்ளம் ஆழமில்லையா, சில்லு மேலேறி நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். அறுவை என்று முடிவானால், தொடையின் பின்பக்கத் தசைநாரில் ஒன்றை எடுத்துக் கிழிந்ததற்குப் பதிலாகப் பொருத்துவார்கள். தொடையெலும்பில் பொருத்தும் இடம் சில மில்லிமீட்டர் தவறினாலோ, நாரை அதிகம் இறுக்கினாலோ முட்டி மடங்க மறுக்கும், குருத்தெலும்பு தேயும். சில்லுத் தசைநார் கீழ்க்கால் எலும்பில் பிடிக்கும் மேடு, சில்லு உட்காரும் அந்தப் பள்ளத்தின் நடுவிலிருந்து 20 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே தள்ளியிருந்தால், மேட்டையே வெட்டி நகர்த்தித் திருகாணி போடுவதும் உண்டு. இத்தனைக்குப் பிறகும் அதே தொடைப் பயிற்சிதான், ஆறு மாதமாவது.

காத்ர் போர்ன் ஊரின் மலைக்கோவிலில் ஏறுவதைவிட இறங்குவதுதான் சில்லுக்குச் சோதனை. ஒற்றைக் காலில் தடுமாறாமல் படி இறங்க முடியாதவர் இந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கவேண்டாம். கோவில் வாசலிலேயே நின்று கும்பிடலாம்.